தடையும் அமலாக்கமும்: அணுச்சோதனைத் தடை உடன்படிக்கைகளின் வரலாறு – கல்வராயன் மலை மதுவிலக்கோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அணுச்சோதனைத் தடை உடன்படிக்கைகள் முழுமை பெறாமைக்கு மீறலைக் கண்டறிய இயலாமையே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 1954 முதல் இன்றுவரையான வரலாற்றை இந்தியாவின் பங்கேற்போடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, கண்டறிதல் குறித்த சிக்கல் பெரும்பகுதி தீர்ந்த பின்னரும் அமலாக்கம் தீராச் சிக்கலாகவே நீடிப்பதை எடுத்துக்காட்டுகிறது. சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும், பின்னாளில் அணுச்சோதனைத் தடைக்காக வாஷிங்டன் சென்றவருமான இராஜாஜியை இணைப்புக் கண்ணியாகக் கொண்டு, கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலைப் பகுதியின் மதுவிலக்கு வரலாறு இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

கருச்சொற்கள்: அணுச்சோதனைத் தடை, சரிபார்ப்பு, அமலாக்கம், இராஜாஜி, கௌரிபிதனூர், கல்வராயன் மலை, மதுவிலக்கு.

முன்னுரை

ஒரு செயலைத் தடை செய்வதற்கும் அத்தடையை நடைமுறைப்படுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவு எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவானது. அத்தொலைவை மூன்று படிகளாகப் பகுக்கலாம். மீறல் நிகழ்ந்தது என்று அறிதல் முதற்படி. அறிந்ததை ஐயமற நிறுவி, மீறியவர் இன்னார் என்று உறுதிசெய்தல் இரண்டாம் படி. மீறியவர்மீது நடவடிக்கை எடுத்தல் மூன்றாம் படி. அணுச்சோதனைத் தடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளின் தொழில்நுட்பத்தையே விரித்துரைக்கின்றன. மூன்றாம் படி அரசியலுக்குரியது என்று ஒதுக்கப்படுகிறது.

இம்மூன்று படிகளையும் ஒருசேர நோக்குவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு களம் உண்டு. சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் எல்லையில் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள கல்வராயன் மலை, மதுவிலக்குச் சட்டம் தோன்றிய நாள்முதல் அச்சட்டத்தின் வலிமையைச் சோதிக்கும் இடமாக இருந்து வருகிறது. அணுவெடிப்பும் சாராய ஊறலும் அளவிலும் விளைவிலும் ஒப்பிடத் தக்கவை அல்ல. ஒப்பிடப்படுவது தடையின் கட்டமைப்பும் அது தளரும் முறையுமே ஆகும்.

இரு தடைகளின் இணைப்பு: இராஜாஜி

1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற சி. இராஜகோபாலாச்சாரி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அதற்கென இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டுச் சட்டமே, பல திருத்தங்களுடன், தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. தடை விதிப்பவர் அதனால் நேரும் இழப்பையும் ஏற்க வேண்டும் என்ற புரிதல் இதில் வெளிப்படுகிறது.

கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 83ஆம் அகவையில், அதே இராஜாஜி தம் வாழ்நாளின் ஒரே வெளிநாட்டுப் பயணத்தை மேற்கொண்டார். 1962 ஜூன் மாதம் புதுதில்லியில் காந்தி அமைதி நிறுவனம் நடத்திய அணுஆயுத எதிர்ப்பு மாநாட்டைத் தொடர்ந்து, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் அமெரிக்கா சென்ற அவர், செப்டம்பர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து அணுச்சோதனைகளை நிறுத்துமாறு வலியுறுத்தினார். மாற்றாரின் உறுதிமொழிக்குக் காத்திராமல் ஒரு தரப்பு தானாகவே சோதனையைக் கைவிடலாம் என்பது அவரது நிலைப்பாட்டின் உள்ளீடாக இருந்தது. மேற்கத்திய வல்லரசுகள் நம்பகமான சரிபார்ப்பு இன்றி உடன்பாடு இல்லை என்று வாதிட்டுக் கொண்டிருந்த நேரம் அது.

வான்வெளியிலிருந்து நிலத்தடிக்கு (1954–1963)

1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய வெப்ப அணுக்கருச் சோதனையின் கதிரியக்கத் துகள்கள், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர்மீது படிந்தன. அப்படகின் வானொலி இயக்குநர் அவ்வாண்டு செப்டம்பரில் உயிரிழந்தார். இதன் எதிரொலியாக, ஏப்ரல் 2ஆம் நாள் நாடாளுமன்றத்தில் பேசிய ஜவகர்லால் நேரு, முழு ஆயுதக் களைவு கைகூடும் வரையிலாவது சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்று முன்மொழிந்தார். அணுச்சோதனைத் தடைக்காக ஓர் அரசின் தலைவர் விடுத்த முதல் அழைப்புகளுள் இது முதன்மையானது. 1956இல் டி. எஸ். கோத்தாரியின் பொறுப்பில் அணுவெடிப்புகளின் விளைவுகளைத் தொகுத்து இந்திய அரசு ஒரு நூலையும் வெளியிட்டது.

வான்வெளிச் சோதனையை மறைப்பது கடினம். கதிரியக்கத் துகள்கள் காற்றில் கலந்து எல்லை கடக்கும். ஆனால் 1957 செப்டம்பர் 19ஆம் நாள் நெவாடாவில் நிலத்தடியில் நிகழ்த்தப்பட்ட 1.7 கிலோ டன் வெடிப்பு நிலைமையை மாற்றியது. வெடிப்பின் கதிரியக்கம் நிலத்துக்குள்ளேயே அடங்கியது. எஞ்சிய தடயம் நில அதிர்வு மட்டுமே. அது இயற்கை நிலநடுக்கமா வெடிப்பா என்று பிரித்தறிவது புதிய அறிவியல் சிக்கலாயிற்று. 1958இல் ஜெனீவாவில் கூடிய வல்லுநர் மாநாடு, உலகெங்கும் 160க்கும் மேற்பட்ட நிலக் கண்காணிப்பு நிலையங்களைப் பரிந்துரைத்தது. பெருங்குகையொன்றின் நடுவில் வெடித்தால் அதிர்வு பெரிதும் மட்டுப்படும் என்ற கோட்பாடு அடுத்த ஆண்டே முன்வைக்கப்பட்டு, அப்பரிந்துரையின்மீது ஐயத்தை எழுப்பியது.

1962 ஏப்ரலில் இந்தியா உள்ளிட்ட எட்டு அணிசேரா நாடுகள் ஜெனீவாவில் அளித்த கூட்டு அறிக்கை, ஐயத்துக்குரிய நிகழ்வுகளை ஆராய அனைத்துலக அறிவியல் குழு ஒன்றை அமைக்கலாம் என்றது. இருப்பினும் பேச்சு, ஆண்டுக்கு எத்தனை நேரடி ஆய்வுகள் என்ற எண்ணிக்கையில் வந்து நின்றது. சோவியத் ஒன்றியம் மூன்றுக்கு மேல் இசையவில்லை. அமெரிக்கா ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. இந்நிலையில் 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கை, வான்வெளி, விண்வெளி, நீருக்கடி ஆகிய மூன்றில் மட்டும் சோதனையைத் தடுத்தது. நிலத்தடிச் சோதனை தடையின்றி விடப்பட்டது. இந்தியா ஆகஸ்ட் 8ஆம் நாளிலேயே கையெழுத்திட்டது. பிரான்சும் சீனாவும் சேரவில்லை.

பகுதித் தடையின் இயல்பு

பகுதித் தடை தடுக்கப்பட்ட செயலை ஒழிப்பதில்லை. தடுக்கப்படாத பக்கத்துக்கு நகர்த்துகிறது. 1963க்குப் பின்னர் அணுச்சோதனைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 1945 முதல் உலகில் நிகழ்ந்த 2,000க்கும் மேற்பட்ட சோதனைகளுள் பெரும்பாலானவை நிலத்தடியில் நிகழ்ந்தவையே. உடன்படிக்கையில் சேராத பிரான்ஸ் 1974 வரையும் சீனா 1980 வரையும் வான்வெளியிலேயே சோதித்தன. கதிரியக்கப் படிவு குறைந்தது பெரும் பயன்தான். ஆயினும் ஆயுதப் போட்டி மண்ணுக்கடியில் தொடர்ந்தது.

கல்வராயன் மலைக்கும் இத்தகைய ஒரு பகுதித் தடைக் காலம் உண்டு. 1937இல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அப்போது அம்மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்திலும், மறுபகுதி தென்னார்க்காடு மாவட்டத்துக் கள்ளக்குறிச்சி வட்டத்திலும் அமைந்திருந்தன. ஒரே மலையின் ஒரு சரிவில் குற்றமாகக் கருதப்பட்டது மறுசரிவில் உரிமத்தோடு நடக்கலாம் என்ற நிலை சட்டத்தாலேயே உருவானது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியின்கீழ் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, விடுதலைக்குப் பின்னர் 1948 அக்டோபர் 2ஆம் நாள் முதல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசால் மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டபோதுதான் இவ்வேறுபாடு மறைந்தது. 1971இல் தளர்வு, 1970களின் இடையில் மீண்டும் தடை, 1981இல் மீண்டும் தளர்வு என்று பின்னர் வந்த மாற்றங்கள், தடையின்மீதான மக்களின் நம்பிக்கையைக் கரைத்தன. சோதனை நிறுத்தமும் அவ்வாறே. 1958 நவம்பரில் தொடங்கிய தன்விருப்ப நிறுத்தம், 1961 செப்டம்பர் 1ஆம் நாள் சோவியத் சோதனையோடு முறிந்தது.

கண்டறியும் ஆற்றலின் வளர்ச்சி

உடன்படிக்கைப் பேச்சின் துணை விளைவாக நில அதிர்வியல் பெருவளர்ச்சி கண்டது. நிலத்தடி வெடிப்புகளைக் கண்டறியும் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக, 1960களின் தொடக்கத்தில் ஒரே தரமுடைய பதிவுக் கருவிகள் உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவப்பட்டன. கொடைக்கானல் அவற்றுள் ஒன்று. 1960களின் இடையில், பிரித்தானிய அணுஆற்றல் துறையின் ஒத்துழைப்போடு கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நில அதிர்வுமானி அணி ஒன்று அமைந்தது. இரு கரங்களாக விரியும் அவ்வணியின் 20 கருவிகளும் தென்னிந்தியத் தீபகற்பத்தின் தொன்மையான பாறைத் தளத்தின்மீது நிற்கின்றன. இரைச்சல் குறைந்த கடும்பாறை தொலைதூர அதிர்வைத் தெளிவாகக் கடத்தும் என்பதே இவ்விடத் தேர்வின் அடிப்படை. பாபா அணு ஆராய்ச்சி மையம் அதனை இயக்கி வருகிறது.

1996இல் உருவான முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை இவ்வாற்றலை உலகளாவியதாக்கியது. அதன் கண்காணிப்பு வலையில் 321 நிலையங்களும் 16 ஆய்வகங்களும் திட்டமிடப்பட்டுள்ளன. நில அதிர்வுக்கு 170, கதிரியக்கத் துகள்களுக்கு 80, செவிக்கு எட்டாத தாழ்வொலிக்கு 60, நீரொலிக்கு 11 என அந்நிலையங்கள் பகுக்கப்பட்டுள்ளன. 2006 அக்டோபர் 9ஆம் நாள் வடகொரியா நடத்திய, ஒரு கிலோ டன்னுக்கும் குறைந்த வெடிப்பின் அதிர்வு உடனே பதிவானது. அதன் செனான் வளிமத்தின் தடயம் பின்னர் கனடாவின் எல்லோநைஃப் நிலையத்தில் கிடைத்தது. 2017 வரை அந்நாடு நடத்திய ஆறு சோதனைகளும் கண்டறியப்பட்டன.

இவ்வாற்றலுக்கும் எல்லை உண்டு. 1998 மே 11ஆம் நாள் பொக்ரானில் நிகழ்ந்த வெடிப்புகள் உலகெங்கும் பதிவாயின. மே 13ஆம் நாள் நிகழ்ந்ததாக இந்தியா அறிவித்த, கிலோ டன்னுக்குக் குறைந்த இரு வெடிப்புகளை அனைத்துலக நிலையங்கள் பதிவுசெய்யவில்லை. மே 11 வெடிப்பின் ஆற்றல் குறித்தும், இந்திய அரசு அறிவித்த அளவுக்கும் வெளிநாட்டு நில அதிர்வியலாளர் பலர் கணித்த அளவுக்கும் வேறுபாடு இருந்தது. அத்திட்டத்தில் பங்கேற்ற கே. சந்தானமே 2009இல் வெப்ப அணுக்கருக் கருவி எதிர்பார்த்தவாறு செயல்படவில்லை என்றார். அணுஆற்றல் துறை அதனை மறுத்தது. வெடிப்பு நிகழ்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லாத இடத்திலும், எவ்வளவு என்பதில் ஒருமை எட்டப்படவில்லை.

கண்டும் காணாமை

1979 செப்டம்பர் 22ஆம் நாள், தென் அட்லாண்டிக் – இந்தியப் பெருங்கடல் பகுதியில் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் ஒன்று, அணுவெடிப்புக்கே உரிய இரட்டை ஒளிவீச்சைப் பதிவு செய்தது. அணுச்சோதனையைக் கண்டறியவே வடிவமைக்கப்பட்ட செயற்கைக்கோள் அது. அமெரிக்க அரசு அமைத்த அறிவியலாளர் குழு, அது அணுவெடிப்பாக இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கூறியது. உளவு அமைப்புகளைச் சார்ந்த பலர் அதனை ஏற்கவில்லை. மீறல் உறுதியானால் நட்பு நாடொன்றின்மீது நடவடிக்கை எடுக்க நேரிடலாம் என்ற சூழலில், ஐயம் தீராமல் இருப்பதே அரசியலுக்கு வசதியாக அமைந்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையின் ஓடைக்கரைகளில் வெல்லமும் வேலம்பட்டையும் கலந்து போடப்படும் ஊறல்களைக் காவல்துறை தேடித் தேடி அழித்து வந்தது நெடுங்கால நடைமுறை. ஆனால் அப்பேரிழப்பை விளைவித்தது ஆலைப் பயன்பாட்டுக்குரிய வேதிப்பொருள். அது விற்கப்பட்டது எட்ட முடியாத மலைமடுவில் அன்று. மாவட்டத் தலைநகரின் குடியிருப்பில். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்திருந்தது. ஆகவே தகவல் இல்லை என்று கூறுவதற்கு இடமில்லை. தகவல் நடவடிக்கையாக மாறாமையே கேள்விக்குரியது. நிகழ்வுக்குப் பின் ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இவை அனைத்தும் இழப்புக்குப் பிந்தியவை.

நேரடி ஆய்வும் நடவடிக்கையும்

முழுமையான தடை உடன்படிக்கை, ஐயத்துக்குரிய இடத்தை நேரில் சென்று ஆராய வழிவகுக்கிறது. அதற்கு 51 உறுப்பினர் கொண்ட செயற்குழுவில் 30 நாடுகள் இசைய வேண்டும். ஆய்வுப் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. இது கல்வராயன் மலைத்தொடரின் பரப்புக்கு ஏறத்தாழ இணையானது. சொந்த நாட்டுக் காவல்துறை, ஆண்டு முழுவதும், யாருடைய ஒப்புதலும் வேண்டாது நுழையக்கூடிய மலையிலேயே ஊறலை ஒழிக்க இயலவில்லை எனில், அயல்நாட்டு வல்லுநர் குழு வரையறுத்த நாள்களுக்குள், விருப்பமில்லா அரசின் நிலத்தில் ஆழ்துளை ஒன்றின் தடயத்தைத் தேடுவதன் அருமை விளங்கும். இவ்வாய்வு உரிமையும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பின்னரே கிட்டும்.

அது நடைமுறைக்கு வரவில்லை. அணுஉலை வைத்திருந்த 44 நாடுகள் அனைத்தும் ஏற்புறுதி அளிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1954இல் தடைக்கு அழைப்பு விடுத்ததும் 1993இல் ஐ.நா. தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்ததுமான இந்தியா, 1996இல் ஜெனீவாவில் அருந்ததி கோஷ் வழியாகத் தன் மறுப்பைத் தெரிவித்தது. அணுஆயுதங்களை ஒழிக்கக் காலவரையறை இல்லை. வெடிப்பின்றியே ஆயுதத்தை மேம்படுத்தும் ஆற்றல் வல்லரசுகளுக்கு எஞ்சுகிறது. இசையாத நாட்டின் ஏற்பையும் நிபந்தனையாக்குவது இறையாண்மைக்கு முரண் என்பன அதன் வாதங்கள். பொதுப்பேரவையில் 158 வாக்குகள் ஆதரவாகவும் 3 எதிராகவும் விழுந்தன. 1999 அக்டோபரில் அமெரிக்க மேலவை ஏற்புறுதியை மறுத்தது. 2023 நவம்பரில் ரஷ்யா தான் அளித்த ஏற்புறுதியைத் திரும்பப் பெற்றது.

உடன்படிக்கைக்கு வெளியே தண்டனை இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டு பொக்ரான் வெடிப்புக்குப் பின் கனடா அணுசக்தி ஒத்துழைப்பை நிறுத்தியது. கல்பாக்கத்தின் அணுமின் உலைகள் உள்நாட்டு முயற்சியால் எழும்பின. தடை தற்சார்பை விரைவுபடுத்திற்று. 1998இல் பாதுகாப்பு அவை கண்டனத் தீர்மானம் இயற்றியது. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. 2001இல் அத்தடைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்குநர் குழு இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தது. வடகொரியாமீதான தடைகள் நீடிக்கின்றன; எனினும் அந்நாட்டை ஆயுதம் துறக்கச் செய்யவில்லை. தண்டனையின் அளவை மீறலின் தன்மையைக் காட்டிலும் மீறியவரோடு பிறர்க்குள்ள உறவே முடிவு செய்திருக்கிறது.

ஒப்பீட்டின் எல்லை

மதுவிலக்கை மீறுபவருக்கு மேல் அரசு என்ற அதிகாரம் உண்டு. அரசு தவறினால் நீதிமன்றம் உண்டு. அணுச்சோதனையில் மீறக்கூடியவர் அரசே. அதற்கு மேல் கட்டளையிடும் அமைப்பு இல்லை. பாதுகாப்பு அவையின் ஐந்து நிலை உறுப்பினர்களும் அணுஆயுத நாடுகளே. மறுப்பு வாக்கும் அவர்களிடமே உள்ளது. எனவே கல்வராயன் மலை காட்டும் தளர்ச்சி, உலக அளவில் குறையாது, பன்மடங்காகும்.

மற்றொரு பாடமும் உண்டு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பள்ளியும் சாலையும் மருத்துவமும் தாமதமாக வந்த நிலத்தில் அரசு பெரிதும் சோதனையிட வரும் காவலராகவே அறிமுகமாயிற்று. 2024 நிகழ்வுக்குப் பின் உயர்நீதிமன்றம் அம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதன் உட்பொருள் இதுவே. கட்டுப்படுபவர்க்குத் தடையால் கிடைக்கும் நலன் புலப்படாதவரை, தடை வேவுபார்த்தலாக மட்டுமே எஞ்சும். 1996இல் இந்தியா எழுப்பிய சமமின்மை வாதத்தை ஏற்பினும் மறுப்பினும், அது இவ்வுண்மையைத் தொட்டு நிற்கிறது.

முடிவுரை

1958இல் ஜெனீவா வல்லுநர்கள் எதிர்கொண்ட வினா, மீறலை அறிய முடியுமா என்பது. அவ்வினாவுக்கு அறிவியல் பெரும்பகுதி விடை அளித்துவிட்டது. அறிந்த பின் யார், யார்மீது, எந்த இழப்பை ஏற்று நடவடிக்கை எடுப்பார் என்பதே விடையற்று நிற்கும் வினா. வேலா செயற்கைக்கோளின் பதிவும் கருணாபுரத்தின் உயிரிழப்பும், வெவ்வேறு தளங்களில், அறிதல் தானாகவே அமலாக்கமாகிவிடாது என்பதற்குச் சான்றுகள்.

இதனால் தடை பயனற்றது என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. இந்நூற்றாண்டில் அணுவெடிப்பு நடத்தியதாக உறுதிசெய்யப்பட்ட ஒரே நாடு வடகொரியா. நடைமுறைக்கு வராத உடன்படிக்கையும் சோதனையை இகழ்ச்சிக்குரிய செயலாக ஆக்கியுள்ளது. அவ்வழக்கைக் காத்து நிற்பது தண்டனை அன்று, தன்கட்டுப்பாடே. 1962இல் இராஜாஜி வாஷிங்டனில் கேட்டது அதனைத்தான். தன்கட்டுப்பாடு எளிதில் முறியக்கூடியது என்பதை 1961ஆம் ஆண்டு காட்டியது. ஏற்புறுதிகள் திரும்பப் பெறப்படும் இந்நாளில், சரிபார்ப்புக் கருவிகளைப் பெருக்குவதோடு அமையாமல், மீறலுக்குப் பிந்தைய நடவடிக்கையை உறவுகளுக்கு அப்பாற்பட்டு வரையறுப்பதே அணுச்சோதனைத் தடையின் எதிர்காலத்தை முடிவு செய்யும்.